இரண்டு நாளில் நீலகிரி மலை ரயில்: ஊட்டியை மறந்துவிட்டு குன்னூரில் தங்குங்கள்

கேள்வி இதுதான்: சென்னைக்காரர், ரயில் பைத்தியம், கையில் சனி, ஞாயிறு மட்டும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டியில் இறங்கினால் நீராவி ரயிலைப் பார்த்த கணக்கில் வருமா, இல்லை அந்த இரண்டு நாளை வேறு மாதிரி செலவழிக்கலாமா என்று கேட்கிறார்.

வேறு மாதிரி செலவழியுங்கள். சுற்றுலாப் பயணிக்கு ஊட்டி முக்கியம், ரயிலைப் பார்க்க வருகிற உங்களுக்கு குன்னூர்தான் முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை மொத்தம் 46 கி.மீ. அதில் நீராவி எஞ்சின் இழுப்பது, சரியாகச் சொன்னால் தள்ளுவது, குன்னூர் வரை மட்டுமே. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். அதற்கு மேல் அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகிற பகுதி அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பல் தண்டவாளமும் (செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் கவ்வி ஏற நடுவில் பதித்த பல் வைத்த பட்டை) நீராவியும் குன்னூரோடு முடிந்துவிடுகின்றன. பெரும்பாலானவர்கள் செய்வது என்னவென்றால், காலையில் அரைத்தூக்கத்தில் ஏறி, ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு, ஊட்டியில் இறங்கி, அடுத்த நாள் பஸ்ஸிலோ காரிலோ கீழே வந்துவிடுவது. அப்படிப் போனால் எஞ்சினைச் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். உள்ளே உட்கார்ந்து ஏற ஒரு தடவை, வெளியே நின்று பார்க்க ஒரு தடவை, உட்கார்ந்து இறங்க ஒரு தடவை. இந்த மூன்றும் இரண்டு நாளில் தாராளமாக அடங்கும்.

திட்டத்துக்கு முன்னால், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் போனால் பாதி விஷயம் கண்ணில் படாது.

இந்த மலைக்கு ரயில் போடவேண்டும் என்று முதலில் பேசியது 1854-ல். வேலை ஆரம்பித்ததோ 1891-ல். குன்னூர் வரை 1899-ல் ரயில் ஓடியது, உதகை வரை 1908-ல். இவ்வளவு இழுத்ததற்குக் காரணம் மலைதான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், குன்னூர் 1,712 மீட்டர். முதல் 8 கி.மீ., அதாவது பவானி ஆற்றைத் தாண்டி கல்லாறு வரை, தரை கிட்டத்தட்ட சமம். ஆக ஏறவேண்டிய அத்தனை உயரத்தையும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் உள்ள சுமார் 20 கி.மீ.க்குள் ஏறியாகவேண்டும். சில இடங்களில் ஏறக்குறைய 12 அடி போனால் ஓர் அடி உயரம். இந்த ஏற்றத்தில் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் என்று நம்ப முடியாது, மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். சுவிஸ் பொறியாளர் ரோமன் அப்ட் கண்டுபிடித்த முறை இது. பட்டை ஒன்றில்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கிற இடத்துக்கு நேராக இன்னொன்றில் இடைவெளி வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லை முழுசாகக் கவ்விக்கொண்டிருக்கும், குலுக்கலும் குறையும். இந்தியாவில் பயணிகள் ஏறிப் போகிற பல் தண்டவாளப் பாதை இது ஒன்றுதான். டார்ஜிலிங்கில் இது கிடையாது, அங்கே பாதையைச் சுற்றிச் சுற்றி விட்டும், முன்னும் பின்னுமாக வண்டியை நகர்த்தியும் ஏற்றுகிறார்கள். கால்கா–சிம்லாவிலும் கிடையாது. மூன்றும் இப்போது யுனெஸ்கோ பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன: டார்ஜிலிங் 1999, நீலகிரி 2005, சிம்லா 2008.

சரி, எஞ்சின். எக்ஸ் வகை என்று பெயர். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்தவை, முதல் தொகுதி முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து 1925 வரைக்கும், கடைசித் தொகுதி 1952-ல். பிறகு திருச்சி பொன்மலை பணிமனையிலேயே புதிதாகக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2011 முதல் எண்ணெயில் எரியும் எஞ்சின்கள் வந்தன, 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது. இந்தக் காலத்தில் ஒரு ரயில்வே பணிமனை நீராவி எஞ்சினை அடியிலிருந்து கட்டி வெளியே விடுவது சாதாரண விஷயமில்லை. நம் ஊரில் நடந்ததால்தான் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் போகிற நாளில் வருவது எண்ணெய் எஞ்சினாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு, நிலக்கரி வாசனையை எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். எதை எரித்தாலும் கொதிப்பது தண்ணீர்தான், ஓட்டுவது நீராவிதான்.

எஞ்சினைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சிலிண்டர்கள், ஆக மொத்தம் நான்கு. கீழே உள்ள ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது, மேலே உள்ள ஜோடி பல்சக்கரங்களை. சமதரையில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டி பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புவார்கள், மிச்சமிருக்கிற அழுத்தத்தை அங்கே கறந்துவிட்டு அப்புறம்தான் புகைபோக்கிக்கு விடுவது. மேல் ஜோடி பற்சக்கரக் கோர்வை வழியாக இயங்குவதால் கீழ் ஜோடியைவிட வேகமாகவும் எதிர்த்திசையிலும் சுற்றும். அதனால்தான் வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: கீழே தண்டுகள் ஒரு பக்கமாக நிதானமாகச் சுழல, மேலே தண்டுகள் இன்னொரு பக்கமாகப் பரபரத்துக்கொண்டிருக்கும். சத்தமும் அப்படியே. வண்டி மணிக்கு 13 கி.மீ.கூடத் தாண்டாது, ஆனால் புகைபோக்கிச் சத்தத்தை மட்டும் கேட்டால் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடுகிறது என்று நினைப்பீர்கள். வீடியோ எடுக்கிறவர்கள் முகப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டை எடுங்கள், இந்த வித்தையெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

எஞ்சின் எப்போதும் பள்ளத்தின் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியாக உருண்டு போகக்கூடாது என்பதுதான் காரணம். ஆனால் பின்னாலிருந்து தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முகப்புத் திட்டிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் நிற்பவர்தான் வண்டிக்குக் கண். பச்சைக்கொடி, சிவப்புக்கொடி அவர் கையில். பெட்டிகளில் சக்கரத்துக்கு ஒரு கைப்பிரேக், பல் தண்டவாளத்துக்கு ஒரு கைப்பிரேக் என்று தனித்தனியாக உண்டு. இவ்வளவு ஆட்களை வைத்துக்கொண்டு ஓடுகிற பயணிகள் ரயில் வேறு எங்கேயும் அவ்வளவாகக் கிடையாது. பலர் எஞ்சினோடு மட்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டு இவர்களைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

இப்போது திட்டம். வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், மலை ரயிலுக்கு இணைப்பு வண்டியே அதுதான். மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பும். இடைப்பட்ட நேரத்தைக் காபிக்கு முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், எஞ்சின் வந்து பெட்டிகளோடு சேர்வதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். டிக்கெட்டை குன்னூர் வரைக்கும் எடுத்தால் போதும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. மொத்தப் பாதையில் 208 வளைவுகள், காட்சி கொஞ்சநேரத்துக்கு ஒருதடவை பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அதற்கு அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி, எந்தப் பெட்டி என்பது. முதல் பெட்டி என்றால் முன்னால் எஞ்சின் இல்லாமல் பாதை திறந்து கிடக்கும், பிரேக்ஸ்மேன் வேலை செய்வதையும் பார்க்கலாம், ஆனால் சத்தம் தூரத்தில் கேட்கும். கடைசிப் பெட்டி என்றால் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமும், சட்டையில் கரித்துளி விழும். எனக்கு வாய்ப்பு கிடைத்தால் ஏறும்போது கடைசிப் பெட்டி, இறங்கும்போதும் அதே எஞ்சின் ஓரப் பெட்டி. முன்பதிவில் பெட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது, கிடைத்ததை வைத்துக்கொள்ளவேண்டியதுதான். நடுப்பெட்டி கிடைத்தாலும் மோசமில்லை, வளைவுகளில் வண்டியின் இரண்டு முனையும் தெரியும்.

கல்லாறு வரும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். பாக்குத்தோப்புகளுக்கு நடுவே வண்டி நின்று, அப்புறம் மெதுவாக ஊர்ந்து போய்ப் பல்லைக் கவ்வும். பல் தண்டவாளத்தின் ஆரம்பத் துண்டு ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்தின் பல்லும் பட்டையின் பல்லும் முதலில் முட்டிக்கொண்டாலும் அந்தத் துண்டு அமுங்கிக் கொடுத்து, சரியாகப் பொருந்தியதும் மேலே வரும். அந்த நிமிஷத்திலிருந்து வண்டியின் அதிர்வே வேறு.

மேலே ஏற ஏற அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று தண்ணீர் பிடிக்க நிற்கும். இவை ரசிகர்களுக்குக் கிடைத்த வரம். இறங்கலாம், எஞ்சின் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், குழாயிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் பாய்வதையும், கையில் எண்ணெய்க் குப்பியோடு மூட்டுமூட்டாக எண்ணெய் விடுவதையும் பார்க்கலாம். ஹில்குரோவில் நேரம் கொஞ்சம் தாராளம், டீயும் கிடைக்கும், குரங்குகளும் உண்டு, கையில் பொட்டலத்தோடு நிற்காதீர்கள். வேலை செய்கிற ஆட்களிடம் கேள்வி கேட்கலாம், பெரும்பாலும் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள், ஆனால் தண்ணீர் ஏறி முடியும்வரை கொஞ்சம் தள்ளி நின்று காத்திருங்கள். விசில் கேட்டதும் ஏறிவிடுங்கள். மேலே போகிற அடுத்த வண்டி நாளைக்குத்தான், சுற்றி இருப்பது யானைக் காடு.

பத்தரை மணி வாக்கில் குன்னூர். இங்கே இறங்கிவிடுங்கள். இறங்கினதும் லாட்ஜைத் தேடி ஓடாமல் பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். நீராவி எஞ்சின் கழன்று, டீசல் வந்து மாட்டி, வண்டி கொஞ்சம் பின்னால் போய் அப்புறம் உதகைப் பாதையில் திரும்பும். லோகோ ஷெட் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, எஞ்சின் அங்கே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஷெட்டுக்குள் போக அனுமதி வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள், சங்கிலியைத் தாண்டி உள்ளே போகிற வேலை வேண்டாம்.

சாப்பிட்டு, குளித்து, கொஞ்சம் தூங்கியும்விடலாம். உதகையிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்புகிற வண்டி மூன்று மணிக்கு மேல் குன்னூருக்கு வரும். அதற்கு அரைமணி முன்னால் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள். காலையில் பார்த்த எஞ்சின் மாற்றம் இப்போது தலைகீழாக நடக்கும்: டீசல் போய் நீராவி வரும். ஷெட்டிலிருந்து அழுத்தம் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிற எஞ்சினை ஏறவேண்டிய அவசரமில்லாமல் நின்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் இன்னும் விசேஷம். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் நீராவி உடனே குளிர்ந்து சின்னச் சின்னத் துளிகளாகி வெள்ளை வெளேரென்று தெரியும். மே மாதத்தில் அதே நீராவி கண்ணுக்குத் தெரியாமல் கலைந்துபோகும், படத்தில் எஞ்சின் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே நின்று பார்க்கிற வேலை. இதை ஏன் காலையில் வைக்கச் சொல்கிறேன் என்றால், இந்த மலைச்சரிவு கிழக்குப் பக்கமாக விழுகிறது. காலையில் வெயில் நேராகப் பாதையின் மேல் விழும், ஏறுகிற எஞ்சினும் முழு மூச்சில் வேலை செய்துகொண்டிருக்கும். மாலையில் இறங்குகிற வண்டி நிழலில் வரும், புகையும் இருக்காது. எனவே ஏறுவதைப் படமெடுங்கள், இறங்குவதில் உட்கார்ந்து போங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் கொஞ்சம் கீழே இறங்கினால் காட்டேரி பூங்காப் பக்கம் பாதை தெரியும். ரன்னிமேடு அங்கேதான். ஒன்பது மணிக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள். வண்டி வருவதற்கு ரொம்ப நேரம் முன்பே பள்ளத்தாக்கிலிருந்து சத்தம் ஏறிவரும், எந்தப் பக்கத்திலிருந்து என்றே தெரியாது, வளைவுக்கு வளைவு அமுங்கும், திரும்ப எழும். கேமராவோடு நல்ல மைக்கும் இருந்தால் கொண்டுபோங்கள். ரயிலைக் காரில் துரத்திக்கொண்டு ஊர் ஊராக நிற்பது வெளிநாட்டு வீடியோக்களில் நன்றாக இருக்கும். இங்கே பாதை பெரும்பகுதி சாலையைவிட்டு விலகி காட்டுக்குள் போகிறது, சாலையிலோ கொண்டை ஊசி வளைவுகளும் வார இறுதி நெரிசலும். ஒரே இடத்தைப் பிடித்து ஒரு நல்ல படம் எடுப்பதே மேல்.

தண்டவாளத்தில் நடக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டத்தை விடுங்கள், யானை இந்தப் பிரிவையெல்லாம் படிப்பதில்லை. டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, பறக்கவிட்டால் வார இறுதி காவல் நிலையத்தில்தான் கழியும். ஓடுகிற வண்டியில் வாசற்படியில் தொங்கிக்கொண்டு படமெடுப்பதும் வேண்டாம். மொத்தப் பாதையில் 16 சுரங்கங்கள், பாறைக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம்தான்.

படமெடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் மதியம் வரை நேரம் இருக்கிறது. ஆசை இருந்தால் டீசல் வண்டியில் கேத்தி வரை போய் வாருங்கள், பள்ளத்தாக்கு அருமையாக இருக்கும். நேரக் கணக்கு இடித்தால் விட்டுவிடுங்கள், இழப்பில்லை. மூன்று மணிக்குள் குன்னூர் ஸ்டேஷனில் இருக்கவேண்டும், அது முக்கியம்.

இறங்குகிற பயணத்தை மதிக்காதவர்கள் நிறையப் பேர். எஞ்சின் இழுக்கவில்லையே, என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்தப் பாதையில் கஷ்டமான வேலை இறங்குவதுதான். சக்கரத்தைத் தேய்க்கிற பிரேக்கை மட்டும் நம்பி இருபது கி.மீ. இறங்கினால் சூடேறிவிடும், அதனால் சிலிண்டர்களையே காற்றை அமுக்குகிற பம்புகளாக மாற்றி, அந்த எதிர்ப்பில் வண்டியை நிதானப்படுத்துவார்கள். பிரேக்ஸ்மேன்கள் ஒவ்வொருவரும் எஞ்சின் விசிலைக் கேட்டுக் கைப்பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருப்பார்கள். ஏறும்போது இருந்த ஆர்ப்பாட்டம் இருக்காது, பல்லும் பல்லும் உரசுகிற ஓசை நன்றாகக் கேட்கும். 5.35 வாக்கில் மேட்டுப்பாளையம். சென்னைக்குத் திரும்புகிற நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான், சாப்பிட நேரம் இருக்கும்.

டிக்கெட்தான் இதில் தலைவலி. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியாக, முன்பதிவு திறக்கிற அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், கோடை விடுமுறையில் இன்னும் மோசம். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் ஏறுகிற டிக்கெட்டை எடுங்கள். இரண்டுமே கிடைக்கவில்லை என்றாலும் பயணத்தை ரத்து செய்யவேண்டாம். பஸ்ஸில் குன்னூர் போய், சனி மாலை ஸ்டேஷன், ஞாயிறு காலை ரன்னிமேடு என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் பார்த்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு சகஜம், பாறை விழுந்து நாள்கணக்கில் வண்டி நின்றுவிடும். அந்த மாதங்களில் போவதானால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் வண்டி ஓடுகிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்கிற மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி. ஸ்வெட்டர் குன்னூருக்கு மட்டும், கல்லாறு வரை வியர்க்கும்.